தூரம் மாறவில்லை, கட்டணம் மட்டும் ஏன் பறக்கிறது?

சென்னையிலிருந்து மதுரைக்கு ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம்? சுமார் 420 கிலோமீட்டர். நேற்றும் அதுதான். இன்றும் அதுதான். பொங்கலுக்கு முதல் நாளும் அதே 420 கிலோமீட்டர்தான். தீபாவளி வந்துவிட்டது என்பதற்காக மீனம்பாக்கம் வடக்கே நகர்ந்து போய்விடுவதில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டார்கள் என்பதற்காக மதுரை தெற்கே ஓடி ஒளிந்துகொள்வதும் இல்லை.

ஆனால் இந்த 420 கிலோமீட்டருக்கு விமானக் கட்டணம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யாராலும் பதில் சொல்ல முடியாது. "எப்போது டிக்கெட் வாங்குகிறீர்கள்?" என்று எதிர்க் கேள்விதான் வரும். காலையில் ஒரு விலை. மத்தியானம் ஒரு விலை. பண்டிகைக்கு ஒரு விலை. புயல் வந்து ரயில் நின்றுபோனால் அதற்கென்று ஒரு விலை! சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூட காலை விலை, சாயங்கால விலை என்று இரண்டு விலைதான் உண்டு. விமான டிக்கெட்டுக்கோ நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு விலை.

இது என்ன நியாயம்? எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது இந்தக் கணக்கு?

ஒரு மகனின் கணக்கு

2024ஆம் வருஷம், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, அம்பத்தூரில் எங்கள் சங்க ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே, அம்மாவுக்கு நெஞ்சுவலியாம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுதாம் அண்ணே."

அவருடைய செல்போனிலேயே பார்த்தோம். மாலை ஆறரை மணிக்கு ஒரு விமானம். ஏழே முக்காலுக்கு மதுரையில் இறங்குகிறது. ஒரு இடத்துக்கு 11,400 ரூபாய். அவர் கையில் இருந்தது, பொங்கலுக்கு வாங்கிய முன்பணத்தோடு சேர்த்து, ஆறாயிரம். நாங்கள் ஆளுக்கொரு பையைத் தடவினோம். எதிர்த்த டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து ஆயிரம் எடுத்துக் கொடுத்தார். நாலு மணிக்குப் பன்னிரண்டாயிரம் சேர்ந்துவிட்டது. மறுபடியும் செல்போனைப் பார்த்தால், அதே விமானம், அதே மதுரை, விலை 14,900!

"என்ன தோழர், ஒரு மணி நேரத்துல மதுரை இன்னும் தூரமாப் போயிடுச்சா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற ஒரு பெயிண்டர். யாரும் சிரிக்கவில்லை.

மேலும் பணம் புரட்ட நேரமில்லை. வாலிபர் கிளாம்பாக்கத்துக்கு ஓடினார். பண்டிகைக் கூட்டத்தில் ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, செங்கல்பட்டு தாண்டும் வரை ஊர்ந்து, பாதி வழி நின்றுகொண்டே போய், மறுநாள் காலை ஏழு மணிக்கு மதுரையில் இறங்கினார். தாய் முதல் நாள் இரவு பதினொன்றரை மணிக்கே கண்ணை மூடிவிட்டாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! விமானம் ஏழே முக்காலுக்கு இறங்கியது. வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றேகால் மணி நேரம் வைத்தாலும் ஒன்பது மணிக்குத் தாயின் கட்டில் ஓரத்தில் நின்றிருக்கலாம். இரண்டரை மணி நேரம் மகன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். பன்னிரண்டாயிரத்துக்கும் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் இடையே உள்ள 2,900 ரூபாய் அந்த இரண்டரை மணி நேரத்தை விழுங்கிவிட்டது.

கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வழக்கம் ஒன்றுதான்.

"விமானம் பணக்காரன் சவாரிதானே?"

இந்தச் சம்பவத்தை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "விமானம் பணக்காரன் சவாரி. அதன் கட்டணம் ஏறினால் நமக்கென்ன, இறங்கினால் நமக்கென்ன? ரேஷன் கடையைப் பற்றிப் பேசுங்கள், பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்."

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாதி நியாயம். வளைகுடா நாடுகளில் கட்டடம் கட்டுகிற நம் சகோதரன் ரயிலிலா போகிறான்? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற அவன், பள்ளிக்கூட லீவு நாட்களில் பல மாதச் சேமிப்பைக் கொண்டுபோய் விமான டிக்கெட்டில் கொட்டுகிறான். அவன் பணக்காரனா? தாயின் முகம் பார்க்கத் துடித்த லேத் தொழிலாளி பணக்காரனா?

பணக்காரனுக்கு 14,900 என்றால் என்ன, 25,000 என்றால் என்ன? கட்டணம் எகிறும்போது அடிபடுகிறவன் அவன் அல்ல. வாழ்க்கையில் ஒரு தடவை, இரண்டு தடவை, வேறு வழியே இல்லாமல் விமானத்தை நாடுகிறவன்தான் அடிபடுகிறான். மேலும் நேரம் என்பது யாருக்கு அதிகம் தேவை? முதலாளி ஒரு நாள் தாமதமாக வந்தால் மில் நின்றுவிடாது. தினக்கூலிக்காரன் ஒரு நாள் தாமதமானால் அன்றைய அடுப்பு எரியாது. உழைப்பவனிடம் விற்பதற்கு இருப்பது அவனுடைய நேரம் ஒன்றுதான். அந்த நேரத்தை மிச்சப்படுத்தும் யந்திரத்தை மனித மூளையும் உழைப்பும் கண்டுபிடித்த பிறகும், அதை உழைப்பவனுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது யார்?

இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தில் ஆரம்பித்த இந்த வியாதி தரைக்கும் இறங்கிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் என்றால் என்ன?

முதலில் தூரத்தையும் நேரத்தையும் சரியாகப் பார்ப்போம். விளம்பரத்தில் ஏமாறக் கூடாது அல்லவா?

420 கிலோமீட்டர் என்பது நேர்கோட்டுத் தூரம். ரயில் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று சுற்றி வருவதால் எழும்பூரிலிருந்து மதுரைக்குச் சுமார் 495 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆகவே, ஏறி இறங்குவதைச் சேர்த்தாலும் ஜெட் விமானம் காற்றில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குள்தான். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போடுகிறார்களே, அது பறக்கும் நேரம் அல்ல. சென்னையில் சக்கரத்தின் அடியில் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து மதுரையில் மறுபடியும் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இதற்கு மேல், விமான நிலையத்துக்குப் போகும் நேரம், முன்கூட்டியே போய் வரிசையில் நிற்கும் நேரம், பையைச் சோதனை போடும் நேரம், இறங்கி ஊருக்குள் போகும் நேரம் எல்லாம் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். "ஒரு மணி நேரத்தில் மதுரை" என்பது பாதி உண்மை. ஆனாலும் பஸ்ஸில் ஒன்பது, பத்து மணி நேரம் போகிறவனுக்கு அது பாதிக்குப் பாதி மிச்சம். உயிர் ஊசலாடும்போது அந்த ஐந்து மணி நேரம் ஒரு யுகம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தூரத்திலும் நேரத்திலும் டிக்கெட்டின் விலையைப் பொறுத்து எதுவும் மாறுவதில்லை. 3,000 ரூபாய் கொடுத்தவனும் 15,000 ரூபாய் கொடுத்தவனும் ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரே நிமிஷத்தில் தரையைத் தொடுகிறார்கள். எரியும் எரிபொருள் ஒன்றுதான். விமானிக்குச் சம்பளம் ஒன்றுதான். மூட்டை ஏற்றும் தொழிலாளிக்குக் கூலி ஒன்றுதான். அப்படியானால் அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம் எதற்கான விலை? தூரத்துக்கா? நேரத்துக்கா? உழைப்புக்கா? எதற்கும் இல்லை! பிரயாணியின் அவசரத்துக்கு விலை. அவன் கண்ணீருக்கு விலை.

ரயிலுக்கு ஒரு கணக்கு, விமானத்துக்கு ஒரு கணக்கா?

சர்க்கார் பஸ்ஸில் கட்டணம் கிலோமீட்டருக்கு இவ்வளவு பைசா என்று இருக்கிறது. ரயிலிலும் தூரத்தை வைத்தே கட்டணப் பட்டியல் போடுகிறார்கள். தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கான விலை குறைந்துகொண்டே போகும்படி அந்தப் பட்டியல் அமைந்திருக்கிறது. நெடுந்தூரம் போகிற ஏழைக்கு அது ஒரு சலுகை.

2025 ஜூலை 1ஆம் தேதி ரயில் கட்டணத்தை உயர்த்தினார்கள். ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏசி வகுப்புக்கு 2 பைசா. அதை நாம் எதிர்த்தோம். ஆனால் அங்கே எதிர்ப்பதற்கு ஒரு கணக்காவது இருந்தது. பட்டியல் வெளிவந்தது. பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. மந்திரி பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரயிலில் ஒரு பைசா ஏறினால் நாடு கேள்வி கேட்கிறது. விமானத்தில் ஒரு மணி நேரத்தில் 3,500 ரூபாய் ஏறினால் கேட்பாரில்லை. ஏற்றியவன் யார் என்றுகூடத் தெரிவதில்லை. "கம்ப்யூட்டர் ஏற்றுகிறது" என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு லாபத்தில் பங்கு உண்டா?

கம்பெனிகளின் வக்கீல்கள் மூன்று வாதம் சொல்கிறார்கள்.

முதல் வாதம்: "முன்கூட்டியே வாங்குகிறவருக்குக் குறைவாகக் கொடுக்கிறோம். இரண்டு மாதம் முன்பே வாங்குங்கள்." நல்ல யோசனை! மாரடைப்பு இரண்டு மாதம் முன்பே கடிதம் போட்டுவிட்டா வருகிறது? தினக்கூலிக்காரனுக்கு அடுத்த வாரம் வேலை இருக்குமா என்றே தெரியாது. அடுத்த மாதச் செலவுக்கு இன்றைக்கே பணம் கட்டக்கூடியவனுக்குச் சலுகை, அன்றாடம் காய்ச்சுகிறவனுக்கு அபராதம். இதற்குப் பெயர் சலுகையா?

இரண்டாவது வாதம்: "விமானம் கிளம்பிவிட்டால் காலி இடம் வீண். ஆகவே ஏற்ற இறக்கம் வேண்டும்." ஒப்புக்கொள்வோம். காலி இடத்தைக் குறைந்த விலைக்கு விற்கட்டும். யார் வேண்டாம் என்றது? இறக்கத்துக்குச் சொல்லும் நியாயத்தை ஏற்றத்துக்கு ஏன் இழுக்கிறீர்கள்? ரயிலிலும் வண்டி கிளம்பிவிட்டால் காலிப் படுக்கை வீண்தான். அதற்காக மொத்த ரயில்வேயும் ஏலக் கடையாகிவிட வேண்டுமா?

மூன்றாவது வாதம்: "இது போட்டிச் சந்தை. போட்டி விலையைக் குறைக்கும்." எங்கே போட்டி? 2025இல் உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் சென்றது இண்டிகோ என்ற ஒரே கம்பெனி. டாட்டாவின் ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தால் இரண்டு கைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு! இரண்டு பேர் நடத்தும் சந்தையில் போட்டி எங்கிருந்து வரும்? இதற்கு ஏகபோகம் என்று பெயர்.

சர்க்காரே ஒப்புக்கொண்ட உண்மை

"தூரத்தை வைத்து விமானக் கட்டணத்தைக் கட்டுப்படுத்த முடியாது, அது நடைமுறைக்கு ஒவ்வாது" என்கிறார்களே, சர்க்காரே அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 மே 25ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மறுபடியும் பறந்தபோது, பறக்கும் நேரத்தை ஏழு படிகளாகப் பிரித்துக் கட்டணத்துக்கு அடிவரம்பும் உச்சவரம்பும் வைத்தார்கள். வரி, விமான நிலையக் கட்டணம் தவிர்த்து, 40 நிமிஷத்துக்குக் குறைந்த பயணத்துக்கு 2,000 முதல் 6,000 வரை. 40 முதல் 60 நிமிஷத்துக்கு 2,500 முதல் 7,500 வரை. 60 முதல் 90 நிமிஷத்துக்கு 3,000 முதல் 9,000 வரை. இப்படியே மேலே போகும். பின்னர் தொகைகளை உயர்த்தினார்கள். ஆனாலும் முறை நிலைத்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நாடு முழுவதும் இந்த முறையில் விமானங்கள் பறந்தன. வானம் இடிந்து விழுந்துவிட்டதா? 2022 ஆகஸ்ட் 31ஆம் தேதி அந்த வரம்புகளை எடுத்துவிட்டார்கள். யார் கேட்டு எடுத்தார்கள்? பிரயாணிகளா கேட்டார்கள்?

இரண்டாவது தடவை 2025 டிசம்பரில். இண்டிகோவின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்தாகி, லட்சக்கணக்கான ஜனங்கள் விமான நிலையங்களில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மற்ற கம்பெனிகள் சந்தர்ப்பத்தை நழுவவிடாமல் விலையை வானத்துக்கு ஏற்றின. அப்போது டிசம்பர் 6ஆம் தேதி சர்க்கார் உத்தரவு போட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. 500 முதல் 1,000 வரை 12,000. 1,000 முதல் 1,500 வரை 15,000. அதற்கு மேல் 18,000. வரியும் விமான நிலையக் கட்டணங்களும் இதில் சேராது.

பாருங்கள், கிலோமீட்டர் கணக்கு! சென்னை மதுரை 420 கிலோமீட்டர். முதல் படியிலேயே அடங்கிவிடுகிறது. அந்த உத்தரவு 2024 பொங்கலுக்கு இருந்திருந்தால், வரியைச் சேர்த்தாலும், அந்த லேத் தொழிலாளி கையிலிருந்த பன்னிரண்டாயிரத்தில் டிக்கெட் வாங்கிப் போக, தாய்க்குப் பழமும் வாங்கிப் போயிருப்பார்.

7,500 என்பது குறைந்த தொகை என்று நான் சொல்லவில்லை. உழைப்பவனுக்கு அதுவும் மலைதான். நான் சொல்வது வேறு: முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஒரே இரவில், ஒரே காகிதத்தில் முடிந்தது. ஆனால் அதே டிசம்பரில் விமானப் போக்குவரத்து மந்திரி நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆண்டு முழுவதும் கட்டணத்துக்கு வரம்பு வைப்பது சாத்தியமில்லை என்றார். டிசம்பர் 6ஆம் தேதி சாத்தியமானது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏன் சாத்தியமில்லை? சாத்தியமில்லை என்பதல்ல விஷயம். மனமில்லை என்பதே விஷயம்.

பறக்கும் நேரத்துக்கு இன்னொரு பக்கம்

அந்த டிசம்பர் அமளி எதனால் வந்தது? இதையும் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பறக்கும் நேரம் என்பது பிரயாணிக்கு ஒரு அர்த்தம், விமானிக்கு வேறொரு அர்த்தம். அது அவனுடைய வேலை நேரம்.

விமானி தூக்கக் கலக்கத்தில் ஓட்டக் கூடாது என்பதற்காக 2024 ஜனவரியில் புது விதிகள் வகுக்கப்பட்டன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. இரவு நேரத்தில் தரையிறக்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் தயாராவதற்கு ஏராளமான அவகாசம் கொடுத்து, கடைசிக் கட்ட விதிகளை 2025 நவம்பர் 1ஆம் தேதிதான் அமல் செய்தார்கள். விதி வரப்போகிறது என்று தெரிந்தும், நாட்டின் மிகப் பெரிய கம்பெனி அதற்கு வேண்டிய விமானிகளை வைத்துக்கொள்ளவில்லை. ஆள் குறைத்து லாபம் கூட்டுவது முதலாளித்துவத்தின் அரிச்சுவடி அல்லவா?

முடிவு என்ன? விமானங்கள் நின்றன. ஜனங்கள் தவித்தார்கள். உடனே சர்க்கார் என்ன செய்தது? இரவு வேலை விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது! தப்புச் செய்தவன் கம்பெனி. தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டியவன் விமானி. உயிரைப் பணயம் வைக்க வேண்டியவன் பிரயாணி. பஸ் டிரைவருக்கு ஓய்வு கொடுக்காமல் டபுள் டூட்டி போடுகிற வழக்கத்தை எதிர்த்து நாம் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறோம்! ஆகாயத்திலும் அதே கதைதான். விமானி தொழிலாளி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போதாவது நினைப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

சாதாரணக் கடிதமும் பறந்த காலம்

"லாபம் இல்லாமல் விமானம் பறக்குமா?" என்று கேட்கிறார்கள். பறந்திருக்கிறது. இந்த நாட்டின் முதல் விமானக் கம்பெனி ஒன்று 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தபோது, ஏற்றிச் சென்றது பிரயாணிகளை அல்ல, தபாலை. அந்தத் தபால் பம்பாயிலிருந்து பல்லாரி வழியாக நமது சென்னைக்கும் பறந்து வந்தது. ஆரம்பமே ஜனங்களின் தபாலைச் சுமந்துதான்.

சுதந்திரத்துக்குப் பின் 1949இல் இரவுத் தபால் விமானம் ஆரம்பித்தார்கள். சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடுராத்திரியில் நாகபுரியில் சந்தித்து, பைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் திரும்பிவிடும். அதே வருஷம், உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானத்துக்கென்று தனிக் கட்டணம் வாங்குவதையும் நிறுத்தினார்கள். கிராமத்துத் தாய் மகனுக்குப் போட்ட சாதாரணக் கடிதமும் முதலாளியின் வியாபாரக் கடிதமும் ஒரே பையில், ஒரே விலையில் பறந்தன. அவசரமென்று தாயிடம் யாரும் கூடுதலாகக் கேட்கவில்லை. நோக்கம் ஜனசேவையானால் யந்திரம் எல்லோருக்கும் பறக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

1953இல் விமானக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கினார்கள். எட்டு உள்நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. அதில் குறை இல்லையா? இருந்தது. அதிகாரிகளின் மெத்தனம் இருந்தது. உழைப்பவன் ஏறக்கூடிய கட்டணமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் ஒன்று இருந்தது. அது எழுதி ஒட்டப்பட்டிருந்தது. காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றிச் சொல்லவில்லை.

1994இல் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தார்கள். 2022 ஜனவரி 27ஆம் தேதி ஏர் இந்தியாவையே டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். விலை 18,000 கோடி. அதில் சர்க்கார் கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி கடனை வாங்கியவர் ஏற்றார். அதற்கும் மேலே இருந்த நாற்பதாயிரம் கோடிக்கு மேற்பட்ட கடன் யார் தலையில்? ஜனங்கள் தலையில்! கம்பெனி அவருக்கு, கடன் நமக்கு. பங்குபிரிப்பு எப்படி?

தனியாரிடம் கொடுத்துவிட்டால் சின்ன ஊர்களுக்கும் விமானம் வரும், ரப்பர் செருப்புப் போட்டவரும் பறப்பார் என்று சொல்லி, "உடான்" என்று ஒரு திட்டத்தை 2016இல் அறிவித்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று விளம்பரம். கம்பெனிகளுக்கு மானியம். என்ன நடந்தது? தலைமைத் தணிக்கை அதிகாரியின் 2023ஆம் வருஷ அறிக்கையைப் பாருங்கள். முதல் மூன்று சுற்றுகளில் ஒப்படைத்த தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் ஒரு விமானம்கூடக் கிளம்பவில்லை. கிளம்பிய 371இல் மூன்று வருஷ மானியக் காலம் முழுவதும் ஓடியவை 112. மானியம் முடிந்த பிறகும் நிலைத்தவை 54! நமது சேலத்துக்கே 2018இல் வந்த விமானம் 2021இல் நின்று, 2023இல்தான் மறுபடி வந்தது. மானியம் உள்ளவரை பறப்பது, மானியம் தீர்ந்தால் பறந்துவிடுவது! தனியார் சேவையின் லட்சணம் இதுதான்.

வியாதி தரைக்கு இறங்கிவிட்டது

விமானக் கட்டணம் நமக்கெதற்கு என்று கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி ரயில்வே நிர்வாகம் விமானக் கம்பெனிகளைப் பார்த்துப் பாடம் படித்தது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், நூற்றுக்குப் பத்து இடம் விற்றுப்போகும்போதெல்லாம் கட்டணம் பத்து சதவீதம் ஏறும், ஒன்றரை மடங்கு வரைக்கும், என்று ஆக்கினார்கள். தட்கால் போதாதென்று பிரீமியம் தட்கால் வந்தது. கிலோமீட்டர் கணக்கில் முதல் ஓட்டை விழுந்துவிட்டது. இன்று ராஜதானியில் விழுந்த ஓட்டை நாளை வைகையில் விழாது என்பதற்கு யார் ஜாமீன்?

ஆம்னி பஸ்ஸைப் பாருங்கள். ஒப்பந்த வண்டி என்ற பெர்மிட்டில் ஓடுவதால் அவற்றுக்கு சர்க்கார் நிர்ணயித்த கட்டணம் கிடையாது. பண்டிகைக்கு மூன்று மடங்கு, நாலு மடங்கு! மதுரைக்கும் நெல்லைக்கும் போகும் ஜவுளிக்கடைப் பெண்ணும் ஓட்டல் தொழிலாளியும் அந்த வலையில்தான் வருஷா வருஷம் விழுகிறார்கள். விமானக் கம்பெனியும் ஆம்னி முதலாளியும் படித்த பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

தரையில் மாற்று வழி இருந்தால் இந்தக் கொள்ளைக்கு இடமேது? வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15இல் ஓட ஆரம்பித்தபோது, மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் ஏழு மணி நேரத்தை ஒட்டி மதுரையைச் சென்னையுடன் இணைத்தது. தண்டவாளம் அகலமாயிற்று, இரட்டையாயிற்று, மின்சாரமும் வந்தது. வைகைக்கு இன்றும் ஏழு மணி நேரத்துக்கு மேல்தான்! அதே தண்டவாளத்தில் வந்தே பாரத் சுமார் ஆறு மணி நேரத்தில் ஓடுகிறது, ஏசிக் கட்டணம் கொடுப்பவருக்கு. தண்டவாளம் ஒன்று, வேகம் இரண்டு. நேரத்தையும் வர்க்கம் பார்த்துப் பங்கிடுகிறார்கள்.

என்ன கேட்கிறோம்?

விமானத்தை எல்லோருக்கும் இலவசமாக்கு என்று கேட்கவில்லை. கணக்கைக் காட்டு என்றுதான் கேட்கிறோம்.

ஒன்று: விமானக் கட்டணத்துக்குத் தூரத்தை வைத்து உச்சவரம்பு வேண்டும். ஆபத்துக் காலத்தில் மட்டுமல்ல, வருஷம் முழுவதும். 2025 டிசம்பரில் போட்டதைவிடக் குறைந்த தொகையில்.

இரண்டு: ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்கள், சாவுக்கும் நோய்க்கும் அவசரமாகப் போகிறவர்களுக்காக, கடைசி மணி வரை மாறாத ஒரே விலையில் ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்று: விமானிகள், விமானப் பணியாளர்களின் ஓய்வு விதிகளில் எந்தக் கம்பெனிக்கும் விலக்குக் கூடாது.

நான்கு: ரயிலில் ஏறி இறங்கும் கட்டண முறை ஒழிய வேண்டும். தென் மாவட்டங்களுக்கு முன்பதிவில்லாப் பெட்டிகள் அதிகம் வேண்டும், சாதாரண வண்டிகளின் வேகம் கூட வேண்டும்.

ஐந்து: ஆம்னி பஸ்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் நிர்ணயித்து, மீறுகிறவரின் பெர்மிட்டைப் பறிக்க வேண்டும்.

ஆறு: பொதுத்துறையில் ஒரு விமானப் போக்குவரத்து மறுபடியும் வேண்டும். லாபத்துக்காக அல்ல, ஜனங்களுக்காக.

இவற்றை நாடாளுமன்றத்தில் கேட்பது உறுப்பினர்கள் வேலை. தெருவில் கேட்பது நம் வேலை. அடுத்த பண்டிகைக்கு முன் ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு கிளையும் இந்தக் கணக்கை ஒரு தட்டியில் எழுதி பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வைக்கட்டும்: தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு, நேற்றைய விலை இவ்வளவு, இன்றைய விலை இவ்வளவு. வேறு விளக்கம் தேவையில்லை. வரிசையில் நிற்கும் ஜனங்கள் மீதியைத் தாங்களே சொல்வார்கள்.

அந்த வாலிபர் காரியம் முடிந்து பட்டறைக்குத் திரும்பிய அன்று சங்க ஆபீசுக்கு வந்தார். நாங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் செலவு போக மீதியை எண்ணி மேஜைமேல் வைத்தார். "இதை வேற யாருக்காச்சும் வச்சிருங்க அண்ணே, திடீர்னு போக வேண்டியிருந்தா" என்றார். அந்தப் பணம் இன்னும் சங்கப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த தாய்க்கு அது போதுமா போதாதா என்பது, நாம் இந்தக் கேள்வியை எவ்வளவு உரக்கக் கேட்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.